ரிப்போர்ட் கைக்கு வந்ததும்: நோயின் பெயரை முழுசாகக் கேட்டு வாங்குவது எப்படி

பெரம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தேன். காலையில் ரத்தம் எடுப்பேன், சாயங்காலம் கவுன்டரில் உட்கார்ந்து ரிப்போர்ட் கொடுப்பேன். கவரை டாக்டரிடம் கொண்டுபோய்ப் பிரிப்பவர்கள் குறைவு. பெரும்பாலானோர் கவுன்டரை விட்டு நகர்வதற்குள் பிரித்துவிடுவார்கள். கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணை விரலால் தேடிப் பிடித்து, "அக்கா, இது ஜாஸ்தியா? எனக்கு சுகரா?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வது டாக்டரின் வேலை, என் வேலை இல்லை. ஆனால் அந்த முகம் மாறுவதை எதிரில் இருந்து பார்த்திருக்கிறேன். கால் எரிச்சலுக்கு டெஸ்ட் எடுக்க வந்தவர், படி இறங்கும்போது சுகர்காரராகப் போவார். அன்று ராத்திரியே வீட்டில் சோறு நிற்கும். மறுநாள் பக்கத்து வீட்டு அண்ணன் சாப்பிடும் மாத்திரையில் நாலு கைமாறும். டாக்டரை இன்னும் பார்த்திருக்கவே மாட்டார்.

நோயின் பெயர் மட்டும் தெரிந்தால் பாதிதான் தெரிந்திருக்கிறது. எதை வைத்து அந்தப் பெயரைச் சொன்னார்கள், எவ்வளவு உறுதியாகச் சொன்னார்கள், அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது மீதிப் பாதி. அதைக் கேட்டு வாங்காததால்தான் ஒன்றுமில்லாததற்குப் பயப்படுகிறவர்களும் உண்டு, பயப்படவேண்டியதை அலட்சியம் செய்கிறவர்களும் உண்டு. அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

ஆரம்பம் ரத்தம் கொடுப்பதற்கு முன்னாலேயே இருக்கிறது. டாக்டர் சீட்டில் டெஸ்ட் எழுதிக் கொடுத்ததும், "எதைச் சந்தேகப்பட்டு இதை எடுக்கச் சொல்றீங்க டாக்டர்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். "ரத்தம் கம்மியா இருக்குமோன்னு பார்க்கிறேன்", "தைராய்டு இருக்கான்னு பார்க்கலாம்" என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். அந்த வரியைச் சீட்டின் பின்னால் எழுதி வையுங்கள். ரிப்போர்ட் வந்ததும் அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்றுதான் முதலில் பார்க்கவேண்டும்.

எந்தக் கேள்வியும் இல்லாமல் எடுக்கும் மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில்தான் குழப்பம் அதிகம். ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் நார்மல் என்று ஓர் எல்லை போட்டிருக்கும் இல்லையா, அது பல பரிசோதனைகளில் எப்படி வருகிறது தெரியுமா? ஆரோக்கியமாக இருக்கும் நிறையப் பேரிடம் ரத்தம் எடுத்து, அவர்களில் நடுவில் வரும் 95 சதவீதம் பேரின் அளவை எல்லையாக வைக்கிறார்கள். ஆக, எந்த நோயும் இல்லாத 100 பேரில் 5 பேர் அந்த எல்லைக்கு வெளியேதான் இருப்பார்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 20 பரிசோதனைகளைச் சேர்த்து எடுத்தால், நோயே இல்லாதவர்களிலும் 100க்கு சுமார் 64 பேருக்கு ஏதாவது ஓர் எண்ணாவது கொட்டை எழுத்தில் வரும். இது வெறும் கணக்கு. எல்லையை மயிரிழையில் தாண்டிய ஒற்றை எண்ணைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவர்களை அவ்வளவு பார்த்திருக்கிறேன்.

ரத்தம் கொடுக்கப் போகிற அன்றைக்கு வருவோம். இது என் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெறும் வயிறு என்றால் குறைந்தது 8 மணி நேரம். தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். தண்ணீர் இல்லாமல் வந்தால் நரம்பு பிடிபடாது. "அரை டம்ளர் காபிதான் குடிச்சேன், பால்கூட கம்மி" என்று சொல்பவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ரிசல்ட் நன்றாக வரவேண்டும் என்று மூன்று நாள் இனிப்பைத் தொடாமல், ராத்திரி சாப்பாட்டையும் விட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் எப்போதும் எப்படி இருக்கிறீர்களோ அதைத்தான் டாக்டர் பார்க்கவேண்டும்.

முடி உதிர்கிறது, நகம் உடைகிறது என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். அவற்றில் பயோட்டின் என்ற வைட்டமின் அதிக அளவில் இருக்கும். சில கருவிகளில் அது தைராய்டு ரிசல்ட்டையே புரட்டிப்போட்டுவிடும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 அதிகமாகவும் தவறாகக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. இல்லாத தைராய்டு நோய்க்கு ஒருவர் மருந்து சாப்பிட இந்த ஒன்று போதும். எத்தனை நாளைக்கு முன்னால் நிறுத்தவேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் பிரஷர், சுகர் மாத்திரைகளை டெஸ்டுக்காக நீங்களாகவே நிறுத்தவேண்டாம்.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறவர்களிடம் ரெண்டு விஷயம் கவனியுங்கள். குழாயின் மேல் உங்கள் பெயரை உங்கள் கண்ணெதிரிலேயே ஒட்டுகிறார்களா? சர்க்கரைக்கான ரத்தம் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் போகிறதா? ரத்தம் குழாய்க்குள் போன பிறகும் அதிலுள்ள செல்கள் சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டேதான் இருக்கும். சாதாரணக் குழாயில் அப்படியே விட்டால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம்வரை குறையும். சாம்பல் மூடிக் குழாயில் அதைத் தடுக்கும் உப்பு இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அயனாவரத்தில் எடுத்த ரத்தம் பையிலேயே ஊர் சுற்றி மதியம் லேபுக்குப் போய்ச் சேருவதை நினைத்துப் பாருங்கள். "எத்தனை மணிக்கு லேபுக்குப் போகும்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

ரிப்போர்ட் வந்ததும் கொட்டை எழுத்துக்குத் தாவாதீர்கள். மேலே இருந்து படியுங்கள். பெயர், வயது, ஆணா பெண்ணா, ரத்தம் எடுத்த நேரம். ஒரே பெயரில் ஒரே நாளில் ரெண்டு பேர் வருவது எங்களுக்குச் சர்வசாதாரணம். அப்புறம் அந்த லேபுக்கு என்ஏபிஎல் அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கப்புறம்தான் எண். அந்த எண்ணையும் போன வருஷத்து ரிப்போர்ட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். நாலு வருஷமாக ஒரே இடத்தில் நிற்கும் எண்ணுக்கும், நாலு வருஷமாக ஏறிக்கொண்டே வரும் எண்ணுக்கும் நிறைய வித்தியாசம். ஏறிக்கொண்டே வருவது இன்னும் எல்லைக்குள் இருந்தாலும் டாக்டரிடம் காட்டவேண்டியது அதைத்தான்.

சுகருக்கு எல்லை வேறு மாதிரி வைக்கப்படுகிறது. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், மூன்று மாதச் சராசரி என்று சொல்லும் ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நம் ஊரில் 'பார்டர் சுகர்' என்கிறார்கள். 1997 வரைக்கும் வெறும் வயிற்று எல்லை 140ஆக இருந்தது. அந்த வருஷம் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதை 126க்கு இறக்கியது. ராத்திரிவரை நோயாளியாக இல்லாத 130காரர் காலையில் நோயாளி ஆனார். அவர் உடம்பில் ஒன்றும் மாறவில்லை. இதைக் கேட்டதும் "அப்போ எல்லாம் அவங்க இஷ்டத்துக்கு வைக்கிறாங்க" என்று நினைக்கவேண்டாம். எந்த அளவிலிருந்து கண்ணின் விழித்திரை பழுதாக ஆரம்பிக்கிறது என்று பார்த்துத்தான் கோட்டை அங்கே இழுத்தார்கள். எனவே 125 வந்தவர் தப்பித்துவிட்டதாகவும் 127 வந்தவர் மாட்டிக்கொண்டதாகவும் நினைப்பது சரியில்லை. ரெண்டு பேருக்கும் அடுத்துச் செய்யவேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான்.

அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவது போன்ற அறிகுறிகள் எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு ரிசல்ட்டை வைத்து நீரிழிவு என்று முடிவு கட்டக்கூடாது. இன்னொரு பரிசோதனையும் அதையே சொல்லவேண்டும். "ரெண்டாவது டெஸ்ட் எடுத்து உறுதிப்படுத்திக்கலாமா டாக்டர்?" என்று நீங்கள் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், அதனால்தான் அதை மூன்று மாதக் கணக்கு என்கிறோம். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் உண்மையைவிட அதிகமாகக் காட்டலாம். ரத்தம் நிறையப் போயிருந்தால், அல்லது சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் இருந்தால் குறைவாகக் காட்டும். ஹீமோகுளோபின் 9 என்று ஒரு தாளிலும் ஹெச்பிஏ1சி 6.6 என்று இன்னொரு தாளிலும் வாங்கிக்கொண்டு போன பெண்கள் எத்தனையோ பேர். ரெண்டு தாளையும் ஒன்றாக டாக்டர் முன்னால் வையுங்கள். தனித்தனி டாக்டரிடம் தனித்தனியாகக் காட்டினால் இந்தத் தொடர்பு யார் கண்ணிலும் படாது.

பிரஷருக்கு இவ்வளவு நீட்டவேண்டியதில்லை. க்ளினிக்கில் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கும்போது எடுத்த ஒரு ரீடிங்கை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் வைத்து, கை நெஞ்சளவில் இருக்க, பேசாமல் எடுக்கவேண்டும். அதற்கு அரை மணி முன்னால் காபி, சிகரெட் கூடாது. இப்படி வீட்டில் சில நாள் எடுத்து எழுதிக்கொண்டு போய்க் காட்டினால் டாக்டருக்கு அதைவிட உதவி வேறில்லை. நம் ஊரில் பெரும்பாலும் 140/90ஐத்தான் கோடாக வைக்கிறார்கள். 2017இல் அமெரிக்கர்கள் 130/80 என்று இறக்கினார்கள். இணையத்தில் படிப்பதும் டாக்டர் சொல்வதும் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் கூடத்தில் காய்ச்சல் கூட்டம் வாசல்வரை நிற்கும். அப்போது எனக்கு மனசு உறுத்தியது வைடால் டெஸ்ட். "டைபாய்டு பாசிட்டிவ்" என்று ஒரு தாள், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாட்டிக். இந்தப் பரிசோதனை பார்ப்பது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை. என்றைக்கோ வந்துபோன டைபாய்டு, எப்போதோ போட்ட தடுப்பூசி, வேறு ஏதோ காய்ச்சல், இவற்றாலும் அது பாசிட்டிவ் ஆகும். ஒரே ஒரு வைடாலை வைத்து டைபாய்டு என்று உறுதி சொல்ல முடியாது. ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர்தான் நம்பகமானது. ஆனால் அதற்கான ரத்தத்தை ஆன்டிபயாட்டிக் ஆரம்பிப்பதற்கு முன்னால் எடுக்கவேண்டும். காய்ச்சல் நீடித்து டாக்டர் டைபாய்டு என்று சந்தேகப்பட்டால், "மாத்திரைக்கு முன்னாடி கல்ச்சருக்குக் கொடுத்துடட்டுமா?" என்று கேளுங்கள். டெங்குவுக்கும் நாள் கணக்கு முக்கியம். முதல் ஐந்து நாளில் என்எஸ்1 என்ற டெஸ்ட், அதற்குப் பிறகு ஐஜிஎம் என்ற டெஸ்ட். தப்பான நாளில் தப்பான டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் வந்தால் டெங்கு இல்லை என்று அர்த்தமாகாது. அதனால் காய்ச்சல் ஆரம்பித்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

முதுகுவலிக்கு எம்ஆர்ஐ எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 'டிஸ்க் பல்ஜ்', அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை பிதுங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட்டில் வந்தால் முதுகெலும்பே போய்விட்டது என்று படுத்துவிடுகிறார்கள். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த பல ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்தது. ஸ்கேனில் தெரிவதுதான் வலிக்குக் காரணமா என்று கையால் பரிசோதித்துப் பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும். கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது என்று இருந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

இதுவரை சொன்னதைக் கேட்டால் பெயர் என்றாலே சந்தேகப்படவேண்டும் என்று தோன்றலாம். அப்படி இல்லை. பெயர் கிடைப்பதால் உயிர் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். எங்கள் கூடத்துக்கு ஓட்டேரியிலிருந்து ஒரு பெண் வருவார். எப்போதும் அசதி, உடம்பு ஊதிக்கொண்டே போகிறது, வெயில் காலத்திலும் குளிர்கிறது. மாமியார் வீட்டில் சோம்பேறி என்று பெயர். டிஎஸ்ஹெச் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டு, தைராய்டுக்கு மாத்திரைச் சீட்டோடு திரும்ப வந்து கவுன்டரில் சாய்ந்துகொண்டு, "அப்போ நான் சும்மா சொல்லல இல்லக்கா?" என்றார். அந்த ரிப்போர்ட்டின் நகலை இன்னொன்று கேட்டார். வீட்டில் காட்டவாம். அவருக்கு அந்தத் தாள் மருந்துக்கு முன்னாலேயே பாதி வேலையைச் செய்துவிட்டது.

வாயால் சொல்லவே கூசும் பெயர்கள்தான் எனக்கு அதிகக் கவலை. காசநோய் என்றால் தட்டைத் தனியாக வைப்பது, கல்யாணம் தட்டிப்போகும் என்று மறைப்பது இன்றும் நடக்கிறது. நம் சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிலையம் 1956இல் ஆரம்பித்தது. சென்னையில் ஏழை எளியவர்களின் நெருக்கடியான வீடுகளிலேயே நோயாளிகளை வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் ஒரு வருஷம் படுத்திருந்தவர்களுக்கு ஆன அளவுக்கே வீட்டில் இருந்தவர்களுக்கும் குணமானது. வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவுதான் உலகம் முழுக்கக் காசநோயாளிகள் சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு வர வழி செய்தது. நம் ஊர் குடிசைகளில் நிரூபித்த உண்மை இது, நம் ஊரிலேயே மறந்துவிடக் கூடாது. மனநோயும் அப்படித்தான். கீழ்ப்பாக்கத்துக்குப் போகிறார் என்பதையே வசவாகச் சொன்ன ஊர் இது. மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு. அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது, 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு அண்ணா நகரில் இயங்குகிறது, 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

டாக்டர் அறையில் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். அரசு ஆஸ்பத்திரி ஓபியில் அதைவிடக் குறைவு. அதனால் கேள்விகளைத் தமிழில் சீட்டில் எழுதிக்கொண்டு, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். இதுக்கு என்ன பேர் டாக்டர், சீட்டில் எழுதிக் கொடுங்க. எதை வச்சுச் சொல்றீங்க? வேற எதுவாவும் இருக்க வாய்ப்பு இருக்கா? மருந்து சாப்பிடாம விட்டா என்ன ஆகும்? எது நடந்தா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம உடனே வரணும்? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டுமாவது விட்டுவிடாதீர்கள். நெஞ்சை அடைக்கும் வலி, முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சுக் குழறுவது என்றால் எந்தச் சீட்டும் வேண்டாம், 108.

பெரிய பெயர் வந்தால், ஆபரேஷன் என்றால், இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். முதல் டாக்டருக்கு அது அவமரியாதை இல்லை. உங்கள் மருத்துவக் குறிப்புகளை நீங்கள் கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்று 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறைகளிலேயே இருக்கிறது. புற்றுநோய் சந்தேகத்தில் பயாப்ஸிக்குச் சதை எடுத்திருந்தால் தாளை மட்டும் வாங்கி வராதீர்கள். அந்தச் சதையை வைத்திருக்கும் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோ வேறு இடமோ, அங்கே இருக்கும் நிபுணர் அதையே மைக்ரோஸ்கோப்பில் வைத்து மறுபடி பார்க்க முடியும். பெரும்பாலும் திரும்ப ஊசி குத்தவேண்டியிருக்காது. ஆனால் மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது டாக்டர் என்று பிடித்த பதில் கிடைக்கும்வரை அலைவதில் நோய் முற்றிவிடும். ரெண்டு பேர் ஒன்றையே சொன்னால் சிகிச்சையை ஆரம்பியுங்கள்.

வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொருவருக்கும் ரெண்டு பக்கம் போதும். நோயின் பெயர், எந்த வருஷம், எந்த டெஸ்டை வைத்து, யார் சொன்னது, இப்போது என்ன மருந்து. அப்பா அம்மா பக்கத்தில் யாருக்கு என்ன இருந்தது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்தைச் சிவப்பு மையில் எழுதுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலை டாக்டரிடம் நீட்டி, "இதுல எது இன்னும் இருக்கு, எதை அடிச்சிடலாம்?" என்று கேளுங்கள். கர்ப்பத்தில் வந்த சுகருக்கு இது ரொம்ப அவசியம். சென்னை டாக்டர் வி. சேஷய்யா முன்னின்று பரப்பிய முறையில், சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து ரெண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிறார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. குழந்தை பிறந்ததும் பெரும்பாலும் அது போய்விடும், வீட்டில் எல்லோரும் மறந்தும்விடுவார்கள். பிரசவமாகி 6 வாரம் கழித்துக் குளுக்கோஸ் பரிசோதனை திரும்ப எடுக்கவேண்டும், அதற்குப் பிறகும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே வரவேண்டும். பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். கைக்குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போகும் அன்றைக்கே அம்மாவுக்கும் அந்தப் பரிசோதனையை எடுத்துவிடலாமா என்று நர்ஸிடம் கேட்டு வையுங்கள்.